காத்திருப்பில் 871

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். முந்தைய நாள் துணியைத் துவைக்கும் இயந்திரத்தில் போடுகிறேன். கூடத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். அது முழுதாகத் தயாரான பிறகு படுக்கையறைக்குப் போய் கோமதியுடையதைப் போடுகிறேன். இந்த வரிசை மாறக் கூடாது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு நெட் லைன், அதுவும் பதிவு செய்த ஒரே கம்ப்யூட்டருக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் அது என்னுடையது. அவளுடையது என்னுடையதிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

அவள் திரையின் வலது கீழ் மூலையில் ஓர் எண் தெரியும். காத்திருப்பில் 871. நேற்று இருந்த அதே எண். ஒரு நிமிடம் பார்க்கிறேன். பிறகு அணைக்கிறேன். முதலில் அவளுடையது, அடுத்து என்னுடையது. துணியை எடுத்துக் கம்பியில் உலர்த்துகிறேன்.

கோமதி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாக இதுதான்.

அந்தப் புதன்கிழமையும் இப்படியே தொடங்கியது. இரண்டு வேறுபாடுகள் மட்டும். மேசையில் மருத்துவமனைக் கடிதம் இருந்தது. பயனாளர் மறைந்துவிட்டதால் அவருடைய கணக்கு வரும் வெள்ளியோடு மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த 871-ஐ யாராலும் படிக்க முடியாது. வெள்ளி வரை நான் சும்மா இருந்தால் போதும். எதையும் அழிக்கும் வேலைகூட எனக்கு இல்லை.

இன்னொன்று, கோமதியின் அம்மாவும் தங்கை சங்கரியும் சங்கரன்கோவிலிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த 871 என்னவென்று சொல்ல வேண்டும்.

கோமதிக்கு இருபத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு. ஏன் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. வலது கை போனது, பேச்சு போனது. இடது கையால் எழுதினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஐந்து மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையும் ஒரு சிறிய பெட்டியும் கொடுத்தார்கள். பொருத்த வந்தவர் பேச்சுப் பயிற்சியாளர் எஸ்தர்.

"அவங்க மூளைல பேச்சு அப்படியே இருக்கு. வாய்க்கு வர்ற ரோடுதான் போச்சு," என்றார். "பேசணும்னு நினைச்சா கழுத்து நரம்பு துடிக்கும். பட்டை அத எடுத்து அவங்க கம்ப்யூட்டருக்குக் குடுக்கும். அது நெட் வழியா எங்க பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். என்ன வார்த்தைன்னு அது கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பினதும் பெட்டி அவங்க குரல்லயே பேசும். அரை செகண்ட் வேலை."

"நெட் ஸ்லோவா இருந்தா?"

"அங்கதான் சார் கவனிக்கணும். அரை செகண்டுக்குள்ள பதில் வரலைன்னா பெட்டி சும்மா இருக்காது. இந்த ஆள் இப்படிக் கேட்டா இவங்க வழக்கமா என்ன சொல்வாங்கன்னு பழைய ரெக்கார்டிங்க வச்சு ஊகிச்சு, தானே சொல்லிடும். அப்ப மஞ்சள் விளக்கு எரியும். அவங்களே சொன்னதுன்னா பச்சை. லைனே இல்லைன்னா சிவப்பு, பேசாது. மஞ்சள் எரிஞ்சா நம்பாதீங்க. பச்சை வர்ற வரைக்கும் திரும்பக் கேளுங்க."

"அவ சொன்னது என்ன ஆகும்?"

"அவங்க கம்ப்யூட்டர்லயே வரிசையில நிக்கும். நெட் நல்லா வந்ததும் போய்ச் சேரும். தொலையாது. பழைய ரெக்கார்டிங் இருக்கா?"

"நிறைய. என் கம்ப்யூட்டர்ல."

"எல்லாத்தையும் இவங்க கம்ப்யூட்டருக்கு ஷேர் பண்ணிடுங்க. சிரிச்சது, அழுதது, உங்களத் திட்டினது. திட்டினது ரொம்ப முக்கியம். இல்லைன்னா பெட்டி ரொம்ப நல்ல பொண்ணா ஆயிடும்."

எஸ்தர் சிரித்தார். கோமதியும் பாதி உதட்டால் சிரித்து, இடது கையால் என்னைக் காட்டி 'நிறைய இருக்கும்' என்பதுபோல் விரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைத்தேன். சுவரில் துளை போட்டுக் கேபிள் இழுத்தேன். என் நெட்டை அவளுக்குப் பகிர்ந்தேன். பிறகு போல்டர்கள். 'கல்யாணம்' என்ற போல்டரைப் பகிர்ந்தேன். 'முதல் வருஷம்' என்ற போல்டரைப் பகிர்ந்தேன். அலுவலக நேரத்தில் அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் அதில் இருந்தன. சாப்ட்டாச்சா, சரிங்க, பரவாயில்ல, நான் பாத்துக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு போல்டர் இருந்தது. அதில் பத்தொன்பது செய்திகள். கோமதிக்கு மதுரையில் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான் போக வேண்டாம் என்றேன். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்தாள். அங்கிருந்து என்னைத் திட்டி அனுப்பியவை அந்தப் பத்தொன்பதும். பிறகு அவள் அம்மாவே அவளை பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அதற்குள் மதுரை வேலை போய்விட்டது.

எஸ்தர் அவற்றைக் கேட்பாரே என்று வெட்கமாக இருந்தது. அந்தப் போல்டரைப் பகிரவில்லை. வேறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியில் பச்சை எரிந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு கோமதி பேசிய முதல் வாக்கியம், "பட்டை இறுக்குது, கொஞ்சம் தளர்த்துங்க." தளர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்," என்றாள்.

நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு இயந்திர பாகங்களின் வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். வேலை வீட்டிலிருந்தே. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தினமும் மீட்டிங். கோமதியின் பெட்டி நெட்டை அதிகம் இழுத்ததால் மீட்டிங்கில் என் படம் அடிக்கடி உறைந்து நின்றது. "தியாகு, நீங்க வாயத் திறந்தபடியே நிக்கிறீங்க, பார்க்க பயமா இருக்கு," என்றார் என் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை அவள் பக்கத்துக்கு வேகக் கட்டுப்பாடு வைத்தேன். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும். அவளிடம் கேட்டுத்தான் வைத்தேன். சரி என்றாள். பச்சை.

மறுநாள் பதினொரு மணிக்குக் கட்டுப்பாடு விலகியதும் பெட்டி தானாகப் பேச ஆரம்பித்தது. காலை முழுவதும் வரிசையில் நின்றவை ஒரே மூச்சில் வந்தன. "ஃபேனக் குறைங்க. குளிருது. ஜன்னல்ல பல்லி. பெரிய பல்லி. பல்லி போயிட்டு. ஃபேனக் குறைங்கன்னேன்." நான் ஃபேனை நிறுத்தினேன். கோமதி தோள் குலுங்கச் சிரித்தாள். "இத நிறுத்துங்க, மானம் போகுது," என்றது பெட்டி. அதுவும் அவள்தான். பச்சை.

அதன் பிறகு தினமும் பதினொரு மணிக்குச் செய்தி வாசிப்பது போல அது நடந்தது. இருவரும் அதற்காகக் காத்திருந்தோம்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி. பதினொன்று இருபது இருக்கும். "நான் அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள். "அங்கயே இருந்துக்கிறேன். யோசிச்சுத்தான் சொல்லுதேன்." பச்சை.

மறுநாள் மீட்டிங் இடைவேளையில் அவள் அறைக்குப் போனேன். "நேத்து சொன்னியே. கண்டிப்பா போகணுமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. உங்க இஷ்டம். நான் இங்கயே இருக்கேன்," என்றது பெட்டி.

மஞ்சள். நான் பார்த்தேன். கோமதி தலையை வேகமாக ஆட்டினாள்.

"நெட் ஸ்லோ," என்றேன். "அப்புறம் பேசுவோம்."

பதினொரு மணிக்கு முன்னால் செட்டிங்ஸைத் திறந்து கட்டுப்பாட்டை முழு நாளுக்கும் நீட்டினேன். நாளை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். லைனை ஒரேயடியாக நிறுத்தினால் சிவப்பு எரியும், பெட்டி பேசாது. அதனால் சிவப்பு எரியாத அளவுக்கு மட்டும் விட்டேன். அந்த அளவில் அவள் சொன்ன எதுவும் போய்ச் சேராது. பாதியில் நின்று வரிசைக்கே திரும்பும். பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

அவள் போனால் ஊரில் பேசுவார்கள், நோயாளியைத் துரத்திவிட்டான் என்பார்கள், பழைய மூன்று வாரமும் வெளியே வரும். அன்று எனக்கு நானே சொன்ன காரணங்கள் இவை. உண்மைக் காரணம் இவ்வளவு பெரியதில்லை. மஞ்சள் விளக்கில் பேசியவளோடு இருப்பது எளிதாக இருந்தது. அவள் சாப்ட்டாச்சா என்று கேட்டாள். பரவாயில்ல என்றாள். நான் அப்படியே தொண்ணூற்று மூன்று நாள் இருந்தேன்.

நெட்காரர்களிடம் புகார் கொடுத்திருக்கிறேன் என்று கோமதியிடம் சொன்னேன். எஸ்தர் போன் செய்தபோது எல்லாம் நன்றாகப் போகிறது, வர வேண்டாம் என்றேன். எஸ்தர் சந்தேகப்பட்டு அவளோடு பேச வேண்டும் என்றார். போனைப் பெட்டிக்கு அருகில் பிடித்தேன். "நல்லா இருக்கேன் மேடம், தேங்க்ஸ்," என்றது.

ஆயுத பூஜை அன்று இரண்டு கம்ப்யூட்டர்களையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பெட்டிக்கும் வைத்தேன். பொட்டு விளக்கின் மேல் உட்கார்ந்தது. வேண்டுமென்று வைத்தேனா என்று கேட்டால், வைக்கும்போது இல்லை. வைத்த பிறகு பார்த்தேன், துடைக்கவில்லை. சாமிப் பொட்டை யார் துடைப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பொட்டின் ஓரம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கொஞ்சம் சந்தனம் குழைத்து அந்த இடத்தில் மறுபடி வைத்தேன்.

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

நவம்பரில் அத்தை, கோமதியின் அம்மா, போன் செய்தார். போன் ஸ்பீக்கரில், பெட்டிக்கு அருகே மேசையில் கிடந்தது. "எப்படிட்டி இருக்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கேம்மா. அவர் நல்லா பாத்துக்கிறார். நீ கவலைப்படாத," என்றது பெட்டி. கோமதி தலையை ஆட்டினாள். இடது கையால் மேசையைத் தட்டினாள். நான் போனை எடுத்து, அவள் களைத்துவிட்டாள் என்று சொல்லி வைத்தேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி. பத்து மணி பத்து நிமிடத்துக்கு, மீட்டிங் நடுவில், தண்ணீர் குடிக்க எழுந்தேன். போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. "தூக்கமா?" என்றேன்.

"நீங்க மீட்டிங் பாருங்க. நான் இருக்கேன்," என்றது பெட்டி.

போய் மீட்டிங் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்து எழுப்பியபோது மூச்சு இல்லை.

அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை அத்தை உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, ஒடம்பு இப்படி வத்திப்போச்சு. பொங்கித் திங்கியளா, இல்ல வெறும் பன்னத் தின்னுட்டுக் கெடக்கியளா?"

"சமைக்கிறேன் அத்தை."

"பாத்தாலே தெரியுதே, சமைக்கிற லட்சணம்," என்றாள் சங்கரி. கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். "எங்க காலேஜ் கன்னுக்குட்டி ஒங்களவிட எட போட்டிருக்கு அத்தான்."

அத்தை கோமதியின் புடவைகளில் இரண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றவற்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். பிறகு அவர் உண்மையில் எதற்காக வந்தாரோ அதைக் கேட்டார்.

"அன்னைக்குப் போன்ல பேசினால்லா. அந்தப் பேச்சு மட்டும் வேணும் மாப்ள. புதுப் போன் வாங்கித் தந்துருக்கா சங்கரி. அதுல போட்டு வச்சுக்கிடுதேன்."

அவர் இதைக் கேட்பார் என்று தெரிந்து, முந்தைய நாளே பெட்டியின் பதிவிலிருந்து அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அந்த ஒன்றை மட்டும். சங்கரியின் போனுக்கு அனுப்பினேன். அவள் அதை அத்தையின் போனில் போட்டாள். கோமதியின் குரல் கூடத்தில் கேட்டது. நல்லா இருக்கேம்மா. அவர் நல்லா பாத்துக்கிறார். நீ கவலைப்படாத.

"இன்னொருக்கா போடுட்டி."

போட்டாள்.

"எங்க தெருவுல ஒருத்தி இருக்கா மாப்ள. வந்த புள்ளய திருப்பி அனுப்பிச்சியே, இப்ப பாத்தியான்னு கேக்கா. நான் விடல. ஏட்டி, எம்புள்ள அவ வாயாலயே சொல்லிருக்கா, அவிய நல்லா பாத்துக்கிடுதாவன்னு. நீ யாரு கேக்கதுக்குன்னேன். வாயடைச்சுப் போனா." அத்தை புடவையைத் தடவிக்கொண்டிருந்தார். "இது இல்லைன்னா எனக்குச் சோறு எறங்காது. நெசமாத்தான் சொல்லுதேன்."

சங்கரி போனை உற்றுப் பார்த்தாள். "அத்தான், இதுக்குக் கீழ 'ஊகம்'னு போட்டிருக்கே. என்னது?"

"கம்ப்யூட்டர்ல ஆயிரம் போடுவான்," என்றார் அத்தை. "நீ மாட்டுக்கு ஊசி போடுத வேலையப் பாரு."

சங்கரி சரி என்று போனைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாவது முறை கேட்க அத்தை தானே பொத்தானைத் தேடினார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு அவர்களுக்குத் திரும்பிப் போகும் பஸ். நாளை மறுநாள் வெள்ளி.

அவர் நல்லா பாத்துக்கிறார், என்றது போன்.

"அது கோமதி சொன்னதில்ல அத்தை," என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னேன். போல்டரிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். நான் நினைத்ததைவிடக் குறைவான நேரம்தான் ஆனது. பொட்டைச் சொன்னபோது சங்கரி எழுந்து படுக்கையறைக்குப் போனாள். பெட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். சந்தனம் காய்ந்து இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

"எத்தன நாளு?" என்றார் அத்தை.

"தொண்ணூத்தி மூணு."

"தீவாளிக்கு நான் வந்து நாலு நாள் இருந்தனே. அப்பவுமா?"

"ஆமா."

"நான் விடிய விடிய அவகிட்டப் பேசிட்டுக் கெடந்தனே மாப்ள. தலைய ஆட்டினதெல்லாம் நோவுல ஆட்டுதாளோன்னு நெனச்சனே. அப்ப நான் யார்ட்டப் பேசினேன்?"



"அவ சொன்னது எங்க?" என்றாள் சங்கரி. பேச்சில் 'அத்தான்' இல்லை.

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. எண்ணூத்தி எழுபத்தொண்ணு. நான் கட்டுப்பாட்ட எடுத்தா போயி, வார்த்தையா திரும்பி வரும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."

"வெள்ளிக்குப் பிறவு?"

"வராது."

"அஞ்சு மாசமா தெனமும் போட்டுப் பாத்துட்டு, மூடி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"நாங்க வராட்டி?"

"வெள்ளி தாண்டியிருக்கும்."

சங்கரி என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. "எடுங்க," என்றாள்.

"வேண்டாம்," என்றார் அத்தை. போனை நெஞ்சோடு பிடித்திருந்தார். "எனக்கு இது போதும். மெசினு சொன்னாலும் அவ கொரல்தான. அவ என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். வேண்டாம் மாப்ள. வெள்ளிக்கிழம போவட்டும்."

அப்போதும் எனக்குத் தப்பிக்க ஒரு வாசல் திறந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒனக்குப் போதும்மா," என்றாள் சங்கரி. "அக்காவுக்கு?"

அத்தை மடியிலிருந்த புடவையை ஒருமுறை நீவினார். பிறகு போனை அணைத்துத் தரையில் வைத்தார். "போடுங்க," என்றார். இதில் 'மாப்ள'யும் இல்லை.

என் கம்ப்யூட்டரைப் போட்டேன். பிறகு அவளுடையதை. செட்டிங்ஸில் ஒரே ஒரு டிக். அதை எடுத்தேன். படுக்கையறைக்கு வந்தபோது எண் 870 ஆகியிருந்தது. சங்கரி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்திருந்தாள். பச்சை எரிந்தது.

"இல்ல. போறேன்னுதான் சொன்னேன்," என்றாள் கோமதி.

ஒவ்வொன்றுக்கும் தேதி திரையில் வந்தது. ஆகஸ்ட் முப்பது. "கேக்கலையா? போறேன்னு சொன்னேன். அது தப்பாச் சொல்லுது." செப்டம்பர். "உப்பு ஜாஸ்தி. அந்த நைட்டி வேண்டாம், பச்ச நைட்டி. எஸ்தர் மேடம் ஏன் வரல?" அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சங்கரி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் வாசல் நிலையில் நின்றேன்.

"நெட்காரன வரச் சொன்னீங்களா? கம்ப்ளெய்ன்ட் நம்பர் குடுத்தானா?"

சங்கரி திரும்பினாள். "அவகிட்ட என்ன சொல்லி வச்சிருந்தீங்க?"

"கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன்னு."

"நம்பினாளா?"

"இல்லைன்னு நினைச்சேன்."

"போன்ல அவங்ககிட்டக் கத்தாதீங்க," என்றாள் கோமதி. "லைன் போனா அவங்க என்ன செய்வாங்க, பாவம்."

எண் 702. நான் போனில் யாரிடமும் கத்தவில்லை. அவள் கேட்கட்டும் என்று ஒருநாள் யாரும் இல்லாத போனில் கத்தினேன்.

அக்டோபர். "பொட்டு அந்த வெளக்கு மேல உக்காந்துட்டு. அது தெரிஞ்சாத்தான நான் சொல்லுததும் இது சொல்லுததும் ஒங்களுக்குப் பிரிச்சுத் தெரியும். அதான் சுரண்டினேன். சாமிப் பொட்டுதான், தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அன்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இதைச் சொல்லத்தான். நான் சந்தனம் குழைத்தேன்.

பிறகு ஒரு பகுதி வந்தது. தேதி தேதியாக, அநேகமாக அதே வாக்கியங்கள், கொஞ்சம் கொஞ்சம் மாறி மாறி. "என் வேலையக் கெடுத்தது நீங்கதான். அத நான் மறக்கல." அடுத்த நாள், "என் வேலையக் கெடுத்தீங்க. மறக்கலைன்னு சொல்ல வரல. மறக்க முடியல." அதற்கும் அடுத்த நாள், "முதல்ல இருந்து வரேன். மதுரை வேலை. இது ரிகர்சல்தான். நெட் வந்த பெறகு மொகத்தப் பாத்துச் சொல்லணும், அப்ப ஒளறக் கூடாது." அத்தை ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். அழுகையா சிரிப்பா என்று பார்க்கவில்லை.

தீபாவளி. "யம்மா, நீ பேசிட்டே இரு. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்." அத்தை கை நீட்டிப் பெட்டியைத் தொட்டார். தொட்டபடியே இருந்தார்.

நவம்பர் பதினெட்டு. அந்தப் போன். எனக்கு முன்பே தெரிந்தது, அது எங்கே வரும் என்று. வெளியே போய்விடலாம் என்று கால் நகர்ந்தது. சங்கரி என்னைப் பார்த்தாள். நின்றேன்.

"யம்மா, என்னைய வந்து கூட்டிட்டுப் போ. இந்தத் தடவ திருப்பி அனுப்பாத."

அத்தை பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னா," என்றார் தரையைப் பார்த்து. "வாய் நல்லா இருந்தப்பவே சொன்னா. பஸ் ஸ்டாண்டுல வச்சு. நான்தான் டிக்கெட் எடுத்துக் கையில குடுத்தேன்."

சங்கரி அவர் அருகே போய் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

அதற்குப் பிறகு வாக்கியங்கள் குறைந்தன. ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் ஒன்று. தண்ணீர். வெளக்க அணைங்க. இன்னைக்கு என்ன கெழம. எண் 9, 6, 4.  அந்தப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவள் என்ன சொன்னாள் என்பதைக் கேட்கத்தான் ஐந்து மாதமாக எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டிருப்பாள். வலிக்கிறது என்றிருப்பாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றிருப்பாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று ஐந்து மாதமும் நம்பியிருந்தேன். தெரிந்திருந்தால் அவளுக்கு என்மேல் கோபமாவது இருந்திருக்கும்.

எண் 1.

டிசம்பர் ஒன்று. நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. அன்று மீட்டிங்குக்கு முன் அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, ஏதாவது வேணுமா என்று கேட்டிருந்தேன். சரிங்க, நீங்க போங்க என்று பெட்டி சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு பட்டையிலிருந்து எதுவும் வரவில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு எதிரே பட்டியல் காலியாக இருந்தது. பெட்டி அப்போது பேசியது, பின்னால் யாரும் இல்லாமல்.

பச்சை எரிந்தது.

"ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட. இப்ப வேண்டாம், நீங்க வேலையப் பாருங்க. நெட் வந்ததும் சொல்லுதேன். அவசரம் ஒண்ணும் இல்ல."